வேலைக்கு முன் ஒரு வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் சிலர் ஓரிடத்தில் கூடி அவரவர் வேலையைச் செய்கிறோம். கதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், தையல் வேலை செய்கிற அக்காக்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று கலந்த கூட்டம். வேலையைத் தொடும் முன் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதுவோம்: இன்றைக்கு எதற்காக உட்கார்ந்திருக்கிறேன், எங்கே நிறுத்துவேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும்?

இன்றைக்கு எது முடிந்தால் போதும் என்பது இருக்க வேண்டும். எது இன்றைக்கு இல்லை என்பதும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. வேலையில் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் வேறொன்று கையைப் பிடித்து இழுக்கும்போது, அதற்குச் சொல்ல ஒரு பதில் தயாராக இருக்க வேண்டும்.

"இன்று கதை எழுத வேண்டும்" என்பது ஆசை. அதை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஏழரையிலிருந்து எட்டேகால் வரை, பின்பக்கத் திண்ணையில், தக்கலை பஸ் ஸ்டாண்டில் அக்காவும் தங்கையும் பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தை முழுதாக எழுதுகிறேன். நடை நன்றாக வந்திருக்கிறதா என்று இன்று பார்க்கப் போவதில்லை." எட்டேகாலுக்கு இந்த வரியைப் பார்த்தால், நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படித் தெரியவில்லை என்றால் வரி இன்னும் பெரிதாக இருக்கிறது, குறைக்க வேண்டும்.

பீரோ ஒதுக்குவதற்கும் இதே முறைதான். "மேல்தட்டு மட்டும். பிள்ளைகளின் சான்றிதழ் ஒரு பையில், வீட்டுப் பத்திரமும் வரி ரசீதும் இன்னொரு பையில். கல்யாண ஆல்பத்தைத் திறப்பதில்லை." அந்தக் கடைசி வாக்கியம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் காப்பாற்றும் என்பது பீரோ ஒதுக்கிய எல்லோருக்கும் தெரியும்.

செய்ய வேண்டியவை என்று பட்டியல் போடுகிறேனே, அது போதாதா?

பட்டியல் வேலைகளின் பெயரைச் சொல்லும். எதை எதற்காகச் செய்கிறோம், எவ்வளவு செய்தால் போதும் என்பதைச் சொல்லாது. பட்டியலை விட வேண்டாம். அதிலிருந்து ஒன்றை எடுத்து, அதற்கு மட்டும் வரி எழுதுங்கள்.

"டீச்சர், வாழ்க்கையில் எனக்கு என்ன வேண்டும் என்றே தெளிவில்லை. அது தெரியாமல் இன்றைய வேலைக்கு எப்படி நோக்கம் வைப்பது?"

இருபது வயதுப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதுதான். நம் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மன உறுதி என்றாலே கடல் நடுவிலிருக்கும் அந்தப் பாறை நினைவுக்கு வரும். 1892 டிசம்பரில் விவேகானந்தர் அங்கே தியானத்தில் இருந்தார், அடுத்த வருடம் சிகாகோ போனார். 1970ல் அங்கே நினைவு மண்டபமும் எழும்பியது. பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், நோக்கம் என்றால் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த பாறையையும் பாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் அங்கே நிற்கிறார். வினைசெயல்வகை அதிகாரத்தில் 675ஆவது குறளில் அவர் கேட்பது இன்றைய வேலையின் அளவிலானது. பொருள், கருவி, காலம், செய்யும் வினை, இடம் ஆகிய ஐந்தையும் குழப்பம் தீர எண்ணிவிட்டுச் செய் என்கிறார். கையில் என்ன இருக்கிறது, எதை வைத்துச் செய்யப் போகிறேன், எப்போது, என்ன, எங்கே. பிறவியின் பயன் என்ன என்ற கேள்வி அந்த ஐந்தில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இவற்றுக்குப் பதில் சொல்ல யாராலும் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சின்ன வரிகளைச் சில மாதம் எழுதிவிட்டு மொத்தமாகப் படித்தால், எந்த வேலைக்கு நீங்கள் திரும்பத் திரும்ப வருகிறீர்கள் என்பது அதிலேயே தெரியும். உங்கள் பெரிய கேள்விக்குப் பதில் அங்கிருந்து கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா? சும்மா நல்ல பழக்கம் என்று சொல்கிறீர்களா?

உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களிலிருந்து இதைச் சோதித்து வந்திருக்கிறார்கள். "செய்வேன்" என்று முடிவெடுப்பது ஒன்று, "இந்த நேரம், இந்த இடம் வந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிவெடுப்பது வேறு என்பதுதான் அவர்கள் காட்டியது.

எனக்குப் பிடித்த சோதனை 2002ல் பிரிட்டனில் வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் வாரத்தில் ஒரு தடவையாவது 20 நிமிடம் நன்றாக உடற்பயிற்சி செய்கிறார்களா என்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று படிக்கக் கொடுத்த குழுவில் 35 சதவீதம் பேர். அதே தகவலோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே செய்வேன் என்று எழுதியும் கொடுத்த குழுவில் 91 சதவீதம் பேர். அறிவுரையால் நடக்காதது, நேரமும் இடமும் குறித்ததால் நடந்திருக்கிறது. 2006ல் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் இப்படிப்பட்ட 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பலன் தெளிவாகவே தெரிந்தது.

காரணம் எளிது. நேரமும் இடமும் முன்கூட்டியே குறித்திருந்தால், அந்த வேளை வந்ததும் "தொடங்கலாமா, கொஞ்சம் கழித்துப் பார்க்கலாமா" என்று மனதுக்குள் மறுபடியும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சோதனைகள் பெரும்பாலும் அளந்தது, வேலை நடந்ததா என்பதை. எழுதிய கவிதை நல்ல கவிதையா என்பதை இவை சொல்லாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் கற்பனை சுருங்கிவிடாதா? கதை தானாக வர வேண்டாமா?

எழுதுகிறவர்கள் இதை உண்மையான பயத்தோடு கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

மயிலாடிக்கு ஒரு தடவை போய்வரச் சொல்வேன். சுசீந்திரம் தாண்டி அந்த ஊருக்குள் நுழைந்ததுமே உளிச் சத்தம் கேட்கும். சிலை செய்கிறவர்கள் கல்லைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு, எடுத்த எடுப்பில் செதுக்கத் தொடங்குவதில்லை. எந்தத் தெய்வம், நின்ற கோலமா இருந்த கோலமா, எத்தனை தாளம் (முக நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் அளவு) என்பதெல்லாம் முடிவாகிவிடுகிறது. பிறகு கல்லின் நடுவில் நேர்கோடு போடுகிறார்கள். முகம், மார்பு, இடுப்பு, முழங்கால் எங்கெங்கே வரும் என்று குறுக்குக் கோடுகள் வருகின்றன. இத்தனைக்கும் பிறகுதான் உளி. வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இந்தக் கவனம்.

ஆனால் அந்தக் கோடுகள் எதைத் தீர்மானிக்கவில்லை என்பதையும் பாருங்கள். உதட்டோரத்தில் எவ்வளவு சிரிப்பு, கன்னத்தில் எவ்வளவு சதை, ஆடை மடிப்பு எப்படி விழ வேண்டும் என்பதெல்லாம் கைக்கு விட்டது. கண் திறப்பதோ எல்லாவற்றுக்கும் கடைசியில். ஒரே அளவில் இரண்டு பேர் செய்த இரண்டு அம்மன்களை அருகருகே நிறுத்தினால் முகம் ஒன்றாக இருக்காது.

எழுத்தில் எதைக் கோடாகப் போடுவது, எதைக் கைக்கு விடுவது? என் பழக்கத்தைச் சொல்கிறேன். கேள்வியை முன்னாலேயே முடிவு செய்வேன், பதிலை முடிவு செய்ய மாட்டேன். "அம்மாச்சியின் அடுக்களை பற்றி ஒரு கவிதை" என்று எழுதினால், நினைவில் இருக்கும் அம்மி, உரல், புகை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும், கவிதை வராது. "எல்லோருக்கும் விளம்பிவிட்டு அம்மாச்சி ஏன் எப்போதும் கதவோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்? இன்று அதை மட்டும் யோசித்து எழுதுகிறேன்" என்று எழுதினால், என்ன வரும் என்று எனக்கே தெரியாது. ஆனால் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும்.

நடுவில் கதை வேறு பக்கம் ஓடினால் விடலாமா என்று கேட்கிறார்கள். விடுங்கள், தாராளமாக. ஆனால் ஒரு நிமிடம் நின்று, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிய வரியை எழுதிவிட்டுப் போங்கள். அப்போது அது நீங்கள் எடுத்த முடிவு ஆகிவிடுகிறது. பல நேரம் அந்த ஒரு நிமிடத்திலேயே, ஓடியது கதை இல்லை, கடினமான இடத்தைத் தாண்ட மனமில்லாமல் நாம்தான் ஓடினோம் என்பது புரிந்துவிடும்.

தினமும் செய்கிற வேலைக்கு இது எதற்கு? சமையலுக்குக்கூடவா?

பழகிய வேலையில் கை தானாக ஓடும். அதனால்தான் அங்கே ஒரு வரி நிறைய மாற்றும். "மதியச் சாப்பாடு" என்று அடுக்களைக்குள் போனால் நேற்று வைத்ததையே வைப்போம். "மாமாவுக்குப் பல் எடுத்திருக்கிறது, அவர் வலியில்லாமல் சாப்பிட வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு போனால் மரச்சீனிக் கிழங்கை இன்னும் சின்னதாக நறுக்குவோம், முதல் தண்ணீரை வடித்த பிறகும் குழையும்வரை வேகவைப்போம், மீன்கறியில் மிளகாயைக் குறைப்போம். அடுப்பும் சட்டியும் அதேதான். யாருக்காக என்பது தெளிவானதும் கை வேறு மாதிரி வேலை செய்கிறது.

வேலையை நன்கு தெரிந்தவர்கள் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்க்கிறவர்கள் பெட்டியைத் திறக்கும் முன், எதைப் பார்ப்பதற்காகத் திறக்கிறோம் என்று முடிவு செய்துகொள்வார்கள். ராணி முட்டையிடுகிறதா? புதிய ராணி அறை கட்டிக் கூட்டம் பிரியப் பார்க்கிறதா? ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும் தேன் காலத்தில் கேள்வி தேன் அடையைப் பற்றியது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் தீனி இருக்கிறதா, சர்க்கரைப் பாகு வைக்க வேண்டுமா என்பது. கேள்வி இல்லாமல் திறந்து ஒவ்வொரு அடையாக எடுத்து வேடிக்கை பார்த்தால் புழுக்களுக்குக் குளிர் தட்டும், தேனீக்களுக்குக் கோபம் வரும். பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் மூடிவிட வேண்டும்.

குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்பே போகிறார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதும் முன்பே தெரியும்: வெட்டு கிடையாது, அன்றைக்குக் கத்தி தீட்டலாம், சிரட்டையைச் சுத்தம் செய்யலாம். குளச்சலிலும் முட்டத்திலும் எந்த மீனுக்கு எந்த வலை என்பது கரையிலேயே முடிவாகிறது. கடலுக்குள் போன பிறகு வேறு வலைக்கு வீட்டுக்கு வர முடியாது. ஆகவே இதை ஏதோ புதிய வித்தையாக நான் சொல்லவில்லை. மேஜை வேலை செய்கிறவர்களும் வீட்டு வேலை செய்கிறவர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இது மத சம்பந்தமானதா? எங்கள் வீட்டில் கேட்கிறார்கள்.

இல்லை. எந்த மதத்துக்காரரும் எந்த மதமும் இல்லாதவரும் செய்யலாம். ஆனால் நம் மாவட்டத்தில் மூன்று மதத்துக்காரர்களுக்கும் இது தெரிந்த விஷயம் என்பது எனக்குச் சந்தோஷம். பூஜைக்கு முன் சங்கல்பத்தில் இடம், வருடம், மாதம், திதி, யாருக்காக, எதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். ரமலானில் நாளைய நோன்புக்கு இரவே நிய்யத்து, அதாவது நோன்பு இருப்பேன் என்ற எண்ணம், வைக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் திருப்பலிக்கு முன்பே கருத்து கொடுக்கிறார்கள், இறந்த தகப்பனாருக்காக, அல்லது கிடைத்த நன்மைக்கு நன்றியாக என்று. இந்த மூன்றிலும், எதற்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார்கள். அது வழிபாட்டின் ஒரு பகுதி, நான் சொல்வது வெறும் வேலைக்கான பழக்கம். இரண்டையும் நான் ஒன்றாக்க விரும்பவில்லை.

உட்கார்ந்ததும் போன் அடிக்கிறது, கேஸ் புக் செய்யாதது ஞாபகம் வருகிறது. வரி எழுதி என்ன பயன்?

இழுப்பு வரும் என்று தெரிந்தே எழுதுங்கள். வரிக்குக் கீழே ஒன்றே ஒன்று சேருங்கள்: "இப்படி ஆனால், இதைச் செய்வேன்." போன் அடித்தால் வீட்டிலிருந்து என்றால் மட்டும் எடுப்பேன். கரண்ட் போனால் நோட்டில் கையால் எழுதுவேன். மூன்று நான்கு எழுத வேண்டாம், உங்களை அதிகம் இழுப்பது எதுவோ அதற்கு மட்டும் போதும்.

நடுவில் ஞாபகம் வரும் வேலைக்கு வேறு வழி. அதைப் பக்கத்துத் தாளில் குறித்து, எப்போது செய்வேன் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். "கேஸ், எட்டரைக்கு." 2011ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முடியாத வேலைகள் மனதை உறுத்துவதைச் சோதித்தார்கள். அந்த வேலையை முடிக்காவிட்டாலும், எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டதுமே உறுத்தல் குறைந்துவிட்டது. கேஸை மறக்க முயற்சி செய்யாதீர்கள், அதற்கு ஒரு நேரம் கொடுங்கள்.

பல பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு?

அங்கே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்று, நான் யார், என் வேலை என்ன, இவர் எந்த நோயாளி, எந்த இடத்தில் என்ன அறுவை சிகிச்சை என்று உரக்கச் சொல்ல வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைப் பார்த்தார்கள். 2009ல் வந்த முடிவில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. அனுபவமுள்ள டாக்டர்களுக்கே இது தேவைப்பட்டிருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியைக் கவனிக்கிற நாலு மாமாமாரும் இலை போடும் முன் இரண்டு நிமிடம் நின்று பேசிக்கொள்ளலாம்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லலாமா? ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

கூட வேலை செய்கிறவரிடம் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்வதில் நான் தயங்குவேன். கோல்விட்சர் குழு 2009ல் வெளியிட்ட சோதனைகளில், "நான் இப்படிப்பட்டவன் ஆகப் போகிறேன்" என்ற வகை நோக்கத்தை இன்னொருவர் கவனித்துவிட்டால், பிறகு அதற்காகப் போடும் உழைப்பு குறைந்தது. ஏற்கெனவே அந்த ஆளாகிவிட்ட நிறைவு கொஞ்சம் கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். நாவல் எழுதப் போகிறேன் என்பதைவிட, முதல் அத்தியாயம் முடிந்தது என்று சொல்வது நல்லது.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அவர்கள் வாயால் வரட்டும். "எதைப் படிக்கப் போற மக்கா, எது வரைக்கும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். வரியை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் உத்தரவு.

எழுதியபடி நடக்கவில்லை என்றால்?

முக்கால்வாசி நேரம் வரி பெரிதாக இருந்திருக்கும், அல்லது நேரம் தப்பாக இருந்திருக்கும். மாலை ஆறு மணிக்குக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் என்று எழுதினால் நடக்காது, அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை. அடுத்த வரியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நேரம், அல்லது இடம், அல்லது அளவு. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது தடையாக இருந்தது என்று தெரியாமலே போகும்.

சிலர் தங்களைத் திட்டி எழுதத் தொடங்குகிறார்கள். "இன்றாவது சோம்பேறித்தனம் இல்லாமல்" என்று ஒரு பெண் எழுதியிருந்ததைப் பார்த்து எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. அவள் நாள் முழுக்க முந்திரி ஆலையில் நின்று வேலை செய்துவிட்டு வந்தவள். வரியில் வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், உங்களைப் பற்றித் தீர்ப்பு வேண்டாம்.

எப்போது இது வேண்டாம்?

சங்குத்துறை கடற்கரைக்குப் போய் உட்காருவதற்கு வேண்டாம். பிள்ளைகளோடு விளையாடவும், துக்க வீட்டுக்குப் போகவும் வேண்டாம். படம் வரைகிறவர்கள் கை போன போக்கில் கிறுக்கிப் பார்க்கும் நேரம் என்று வாரத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்ளட்டும், அதற்கும் வேண்டாம். உடம்புக்கு முடியாத நாளில் ஓய்வெடுங்கள், ஓய்வுக்கு நோக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

எதில் எழுதுவது? எவ்வளவு நேரம் ஆகலாம்?

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் நீங்கள் வரியை அழகுபடுத்துகிறீர்கள், நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நாற்பது பக்க நோட்டு போதும், தேதி போட்டு எழுதுங்கள். வேலை முடிந்ததும் அதே வரியின் கீழே நடந்ததை அரை வரியில் குறியுங்கள்: "பஸ் ஸ்டாண்ட் வரை வந்தேன், தங்கை இன்னும் பேசவில்லை." நாளைக்கு எழுத வேண்டிய வரி பெரும்பாலும் அதிலேயே இருக்கும். சனிக்கிழமை வருகிறவர்கள் அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். பேனா இங்கே இருக்கிறது.